ரிச்சி தெருவே குடோன்: பென்னலூரில் சின்ன முதலில் போன் ரிப்பேர் கடை

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2006 முதல் போன் செய்கிறார்கள். நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அந்த இடத்தை வாங்கிய சால்காம்ப் இப்போது அங்கே சார்ஜர் தயாரிக்கிறது. ஃபாக்ஸ்கானில் ஐபோன் உருவாகிறது. ஆனால் பென்னலூரில் ரிப்பேர் கடை போடுகிறவருக்கு இதனால் காலணா பிரயோசனம் கிடையாது. ஒரு ரெட்மி பேட்டரி வேண்டுமென்றாலும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, சென்னை மவுன்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். இந்தத் தூரத்தைக் கண்டு பயந்துதான் புதிதாகக் கடை போடுகிறவர்கள் கையிலுள்ள பணத்தையெல்லாம் டிஸ்ப்ளேயாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற தொலைவில் சரக்கு இருக்கும்போது, அந்தத் தெருவே உங்கள் குடோன்.

கடைக்கு அட்வான்ஸ், வாடகை, போர்டு எல்லாம் போக 40,000 ரூபாய் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பற்றாவிட்டால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம்.

முதலில் வாங்காதீர்கள், எண்ணுங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் ஊரைக் கவனியுங்கள். பென்னலூரில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி மாணவர்கள். இன்னொன்று, இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள். இதில் வடமாநிலத்துத் தம்பிகளும் நிறைய. இருவர் கையிலும் ஒரே போன் இருக்காது. ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் டீக்கடையில் நின்றாலே பாதி கணக்கு தெரிந்துவிடும். மீதியை ரீசார்ஜ் கடை அண்ணனிடம் கேளுங்கள்: "எந்த போனுக்கு டெம்பர் கிளாஸ் அதிகம் போகுது?" டெம்பர் கிளாஸ் எந்த மாடலுக்குப் போகிறதோ, அந்த மாடல்தான் நாளை உங்கள் மேஜைக்கு வரும்.

இப்படிச் சேரும் பட்டியலில் மேலே நிற்கும் ஏழெட்டு மாடல் போதும். மற்றதற்கு ஆர்டர் எடுத்துத்தான் வேலை.

பணத்தைப் பிரிப்பது

கருவிக்கு 12,000, பாகத்துக்கு 13,000, டெம்பர் கிளாஸ், பவுச், கேபிள் வகைக்கு 7,000. மீதி 8,000-ஐ முதல் இரண்டு மாதம் சரக்கில் போடாமல் கையில் வையுங்கள். வாடிக்கையாளரின் போனை நீங்களே உடைத்துவிட்டால் மாற்றிக் கொடுக்க அந்தப் பணம்தான் உதவும்.

கருவியில் சால்டரிங் அயர்ன், ஹாட் ஏர், மல்டிமீட்டர், நல்ல ட்வீசர், ஸ்க்ரூ டிரைவர் செட் ஆகியவை முதல் நாளே வேண்டும். டிசி பவர் சப்ளை செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விடாதீர்கள். மைக்ரோஸ்கோப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மல்டிமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அது தப்பு சொன்னால் நல்ல பாகத்தைக் கழற்றிப் போடுவீர்கள்.

எதை இருப்பு வைப்பது

சார்ஜ் ஏறவில்லை என்று வருகிற போன்தான் புதுக் கடைக்குச் சோறு போடும். ஆகவே டைப்-சி பின், மைக்ரோ யுஎஸ்பி பின் இரண்டையும் பாக்கெட்டாகவே வாங்குங்கள். ஒன்றுக்குச் சில ரூபாய்தான். மைக், ரிங்கர், இயர்பீஸ் பல மாடலுக்குப் பொதுவான அளவில் வரும். சார்ஜிங் போர்டு மட்டும் உங்கள் பட்டியலில் உள்ள மாடலுக்கு ஒவ்வொன்று. ஃப்ளக்ஸ், ஈயக் கம்பி, துடைக்கிற ஐபிஏ ஆல்கஹால், ஒட்டும் கம், டபுள் சைடு டேப் ஆகியவற்றை மறந்துவிட்டு வந்து, அதற்காகத் திரும்ப மெட்ராஸ் போகிறவர்கள் உண்டு.

பேட்டரி விஷயத்தில் கவனம். அது பழக்கடைச் சரக்கு மாதிரி. சும்மா இருந்தாலும் கெடும். ஒரு மாதத்தில் விற்றுவிடும் அளவுக்கு மேல் வாங்கக் கூடாது. பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா, தயாரித்த மாதம் என்ன என்று பாருங்கள். போனின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் பேட்டரி மேல் அச்சிட்ட எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பிஎன்56 என்று கேட்டு வாங்கினால் ரெட்மி 9ஏ, 9சி, போக்கோ சி3 மூன்றுக்கும் அதுவே ஆகும்.

ஒரே பாகம் பல போனுக்குப் பொருந்துவதுதான் சின்ன முதலுக்குக் கிடைத்த வரம். ரெட்மி 9ஏ, 9சி, 9ஐ, போக்கோ சி3 ஒரு குடும்பம், ஒரே டிஸ்ப்ளே. இதில் ஒரு பொறியும் இருக்கிறது. இந்தியாவில் 'ரெட்மி 9' என்று விற்றது வெளிநாட்டில் 9சி என்று போன போன். வெளிநாட்டு 'ரெட்மி 9' வேறு போன். அதன் டிஸ்ப்ளே இதில் உட்காராது. ஆன்லைனில் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் காசு போச்சு. பழைய பாகத்தைக் கழற்றி, அதன் ஃப்ளெக்ஸ் கேபிளில் உள்ள எண்ணைப் படமெடுத்து வாட்ஸப்பில் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

டிஸ்ப்ளே

ஆரம்பத்தில் இருப்பே வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால், அதிகம் ஓடுகிற இரண்டு குடும்பத்துக்கு டச்சோடு சேர்ந்த காம்போ ஒவ்வொன்று. மற்றதெல்லாம் வாடிக்கையாளரிடம் பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கிய பிறகு, மறுநாள் வரவழைப்பது. "நாளைக்கு சாயங்காலம் ஷிஃப்ட் முடிச்சு வாங்க தம்பி" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நாளைக்கு என்று சொல்லி நாலு நாள் இழுத்தால்தான் கோபம் வரும்.

டிஸ்ப்ளே வந்ததும் முதலில் கனெக்டரை மட்டும் மாட்டி, தொடு உணர்வு, வெளிச்சம், ஓரத்தில் கறை எல்லாம் பாருங்கள். அதற்குப் பிறகே ஃபிலிமை உரித்து ஒட்டுவது. கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்தாலோ, ஃப்ளெக்ஸ் மடிந்தாலோ ரிட்டர்ன் கிடையாது என்பது அந்தத் தெருவின் சட்டம்.

ஐபோன் பக்கம் மாணவர்கள் ஆசை காட்டுவார்கள். 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி, வெளியில் பேட்டரி மாற்றினால் செட்டிங்ஸில் எச்சரிக்கை வாசகம் வந்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பாகத்தை இருப்பு வைக்காதீர்கள்.

ரிச்சி தெருவில்

முதல் நடையில் விலை மட்டும் கேளுங்கள். நாலைந்து கடையில் ஒரே பாகத்தைக் கேட்டால் தரம், விலை இரண்டும் பிடிபடும். பிறகு இரண்டு கடையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐம்பது ரூபாய் மலிவுக்காகக் கடை கடையாய் மாறுகிறவருக்கு யாரும் ரிட்டர்ன் எடுக்க மாட்டார்கள். பில் கேட்டு வாங்குங்கள். ரிப்பேர் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு இல்லாதவர் பில்லில் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது. அதையும் அடக்கத்தில் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

ஒவ்வொரு பாகமும் வந்த தேதி, போன தேதி நோட்டில் இருக்கட்டும். இரண்டு மாதம் அசையாததை அடுத்த நடையில் கொண்டுபோய், கொஞ்சம் நஷ்டமானாலும் வேறு பாகமாக மாற்றிவிடுங்கள்.

வாசலுக்கு வரும் மலிவுச் சரக்கு

செத்த போனை விலைக்கு வாங்கினால் சிம் ட்ரே, கேமரா கண்ணாடி, ஸ்க்ரூ, ஐசி என்று பல நாள் உதவும். வாங்குமுன் விற்பவரின் அடையாள அட்டை நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கே.ஒய்.எம். என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த போனின் நிலை தெரியும். ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தரச் சொல்லி யார் வந்தாலும் அனுப்பிவிடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தொழிற்சாலைகள் நடுவே கடை வைத்திருப்பதால் இன்னொன்றும் வரலாம். "கம்பெனி ஒரிஜினல்ணா, பில்லு இல்ல, பாதி விலை" என்று பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். தெரிந்தே திருட்டுப் பொருளை வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் குற்றம். பில் இல்லாத பாகம் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.