காலமும் உள்ளமும்

காலம் என்பது யாது? கடிகாரம் காட்டுவதே காலம் என்பர் பலர். 1906ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் ஒரே பொது நேரம் வகுக்கப்பட்டது. ஆயினும் பம்பாய் நகரம் தன் பழைய நேரத்தை 1955 வரை விடவில்லை. பொது நேரம் 12 மணி எனில், பம்பாய் நேரம் 11 மணி 21 நிமிடம். ஒரே ஞாயிற்றின் கீழ் இரு நேரங்கள்! இவற்றுள் எது மெய்? இரண்டும் மக்கள் தம் வசதிக்காகச் செய்துகொண்ட உடன்பாடுகளே.

உள்ளம் அளக்கும் காலமோ இதனினும் நிலையற்றது. நோயுற்ற குழந்தையின் அருகில் விழித்திருக்கும் தாய்க்கு ஓர் இரவு நீண்டுகொண்டே போகிறது. அடுத்த வீட்டில் அயர்ந்து உறங்குவோனுக்கு அதே இரவு நொடியில் கழிகிறது.

அபிதம்ம ஆசிரியர்கள் காலத்தைப் பரமார்த்தப் பொருள்களுள் ஒன்றாக எண்ணவில்லை. பஞ்ஞத்தி, அதாவது வழக்குப் பெயர் என்றே கொண்டனர். சித்தமும் சேதசிகமும் உருவமும் தோன்றி மறையும் ஒழுங்கை நோக்கி நாம் இட்ட பெயரே காலம் என்க.

மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள பத்தேகரத்த சுத்தம், சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் பகவான் புத்தர் அருளியது. கழிந்ததைப் பற்றாமலும் வருவதை அவாவாமலும் நிகழ்வதைத் தெளிந்து காணவேண்டும் என்பது அதன் கருத்து. அங்ஙனமாயின் பழையதை மறந்துவிடுவதா, நாளைக்கு ஏற்பாடு செய்யலாகாதா என வினவும் அன்பர்கள் உளர். அஃதன்று. முன்னைய உருவத்திலும் உணர்ச்சியிலும் சுவைகொண்டு ஒட்டுவதையே கடந்ததைத் தொடர்தல் என அச்சுத்தம் விளக்குகிறது. பிக்குகளும் மழைக்காலத்து மூன்று திங்களுக்கு உறைவிடத்தை வகுத்துக்கொண்டே தங்கினர். ஆகவே திட்டமிடல் குற்றமன்று, அவாவே குற்றம்.

மீண்டும் அத்தாயை நோக்குவோம். மருந்து கொடுக்கும் வேளையை நினைந்திருத்தல் அவள் கடமை. 'முன்னமே மருத்துவரை அழைத்திருக்கலாகாதா', 'நாளை என்னாகுமோ' என்று உழலும்போதோ, கை குழந்தையின் நெற்றியில் இருந்தும் உள்ளம் அங்கில்லை. குழந்தை தண்ணீர் கேட்கும் மெல்லிய குரலும் செவியில் விழாது போகலாம்.

நாமும் அத்தகையோரே. நம் உதவியை வேண்டி நிற்போர் இந்நொடியில்தான் நிற்கின்றனர். ஆகவே, வருந்துங்கால் வருந்துகிறோம் எனவும், அஞ்சுங்கால் அஞ்சுகிறோம் எனவும் அறிந்து, கையிலுள்ள கடமைக்கு மீள்வோமாக.