எந்த டீ, யாருக்கு?

உப்பளத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு டீதான் தெம்பு. இப்போது தூத்துக்குடிக் கடைகளில் மூலிகை டீ பாக்கெட்டுகளும் ‘சத்து நிறைந்தது’ என்ற பெயரோடு வரிசை கட்டுகின்றன. எதில் என்ன தாது இறங்குகிறது, யாருக்கு எது சரி?

டீத்தூள்: மாங்கனீசுக்கு நல்லது. பால் விடாத 240 மில்லி டீயில் சுமார் அரை மில்லிகிராம் கிடைக்கும். பெரியவர்களின் அன்றாடத் தேவை 2 மில்லிகிராம் அளவு. ஃபுளோரைடும் இறங்கும், முற்றிய இலையில் அது அதிகம். இரும்பு பேருக்குத்தான்.

அது மட்டுமல்ல, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பையும் டீ உடம்பில் சேரவிடாது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டியோடு டீ குடித்தவர்களுக்கு இரும்பு சேர்வது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. பால் விட்டும் பெரிய பயனில்லை. அதே ஆய்வில் புதினா டீ 84 சதவீதமும் சீமைச்சாமந்தி டீ 47 சதவீதமும் குறைத்தன. மூலிகை என்பதாலேயே எதுவும் விதிவிலக்கு ஆகிவிடாது.

சுக்குக் காப்பி: சுக்கு, மல்லி, மிளகைத் தட்டிப்போட்டு, உடன்குடிக் கருப்பட்டியோடு கொதிக்கவிடுவது. சுக்கில் மாங்கனீசு தாராளம். கருப்பட்டியில் பொட்டாசியமும் கொஞ்சம் இரும்பும் உண்டு. தேயிலை சேராததால் அதன் ஃபுளோரைடும் இல்லை. ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர்கள் அதைத் தவிர்த்துவிட்டுக் குடிக்கலாம். பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்கவேண்டும்.

நிலவாகை டீ: தூத்துக்குடியிலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறும் இலை இது, உலகச் சந்தையில் ‘டின்னிவெல்லி சென்னா’. இது பேதி மருந்து, பானம் அல்ல. நாள்கணக்கில் குடித்தால் உடம்பில் உள்ள பொட்டாசியமே வெளியேறிவிடும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தண்ணீர்: எந்த டீ போட்டாலும் தண்ணீரில் உள்ள உப்பு டம்ளருக்கு வந்துவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் ஃபுளோரைடும் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். கடற்கரை ஊர்களில் கரிப்பான போர்த் தண்ணீரை விட்டுவிட்டு, நல்ல தண்ணீரில் டீ போடுங்கள்.

ஆக, டீயைச் சத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். குடிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. அவர்கள் எந்த டீ குடித்தாலும், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும்.