கிளவுட் பைலை போனிலிருந்தே மெயிலில் அனுப்ப

புதுச்சேரி நகரில் பல குடும்பங்களுக்கு பிரான்சில் உறவினர்கள் உண்டு. 1962 ஆகஸ்ட் 16ல் இந்தியா – பிரான்ஸ் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கிருந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இன்று இரு நாடுகளிலும் வாழ்கின்றனர். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களை 'சொல்தா' என்று அழைப்பது இங்கே வழக்கம். பிரான்சிலிருந்து பென்ஷன் பெற்று வெளிநாட்டில் வசிப்பவர்கள், தாங்கள் உயிருடன் இருப்பதற்கான சான்றினை ஆண்டுதோறும் தர வேண்டும். சான்று போய்ச் சேராவிட்டால் பென்ஷன் நின்றுவிடலாம்.

இது போன்ற சான்றுகள், பிறப்புச் சான்றிதழ், கல்லூரி மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் வைத்திருப்போம். "அதை எனக்கு மெயிலில் அனுப்புங்கள் அப்பா" என்று பாரீசிலிருந்து மகள் கேட்பாள். கையில் இருப்பதோ போன் அல்லது டேப்ளட் மட்டும். கம்ப்யூட்டர் முன் உட்காராமல், பைலை எப்படி மெயிலில் சேர்த்து அனுப்புவது என்று இங்கு பார்க்கலாம்.

கிளவுட் என்பது என்ன?

உங்கள் பைல் உங்கள் போனில் இல்லாமல், இன்டர்நெட் வழியே சென்றடையும் ஒரு நிறுவனத்தின் சர்வர் கம்ப்யூட்டரில் இருப்பதையே கிளவுட் என்கிறோம். கூகுள் டிரைவ் 2012ல் வந்தது. இதில் 15 ஜி.பி. இடம் இலவசம். ஆனால் ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. மைக்ரோசாப்ட் ஒன்டிரைவிலும் ஆப்பிள் ஐகிளவுடிலும் 5 ஜி.பி. இலவசமாகத் தரப்படுகிறது. டிராப்பாக்ஸில் 2 ஜி.பி. கிடைக்கும்.

நகலா, லிங்க்கா?

பைலை மெயிலில் அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. தமிழில் இரண்டையுமே 'இணைப்பு' என்று சொல்லிவிடுவதால்தான் பாதிக் குழப்பம். எனவே இங்கு ஒன்றை நகல் என்றும் மற்றதை லிங்க் என்றும் வைத்துக்கொள்வோம்.

நகல் என்பது, பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கவரில் வைத்து அனுப்புவது போன்றது. அது பெறுபவரிடம் போய்விடும். பிறகு நீங்கள் மூலப் பைலை அழித்தாலும் மாற்றினாலும் அவரிடம் உள்ளது அப்படியே இருக்கும்.

லிங்க் என்பது, "பத்திரம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முகவரி தருவது போன்றது. அலமாரியைத் திறக்க நீங்கள் அனுமதி தந்திருக்க வேண்டும். பைலை நீங்கள் மாற்றினால் அவருக்கும் மாறியதுதான் தெரியும். அழித்துவிட்டால் அவருக்கும் கிடைக்காது.

அரசு அலுவலகம், வங்கி, கல்லூரி, பென்ஷன் அலுவலகம் போன்றவற்றிற்கு நகலே ஏற்றது. அறிமுகமில்லாத லிங்க்குகளை பாதுகாப்பு கருதிப் பல அலுவலகங்களில் திறக்க மாட்டார்கள். திருமண வீடியோ, நூற்றுக்கணக்கான போட்டோக்கள் போன்ற பெரிய பைல்களை உறவினருக்கு அனுப்ப லிங்க் வசதியானது.

ஆண்ட்ராய்ட் போன் மற்றும் டேப்ளட்டில் நகல் அனுப்ப

1. ஜிமெயில் அப்ளிகேஷனைத் திறந்து, 'கம்போஸ்' என்பதைத் தட்டவும். முகவரி, பொருள் ஆகியவற்றை டைப் செய்திடவும்.

2. மேலே உள்ள பேப்பர் கிளிப் ஐகானைத் தட்டவும். 'அட்டாச் பைல்' என்று கிடைப்பதைத் தேர்ந்தெடுக்கவும். சில போன்களில் 'பைல்ஸ்' என்று மட்டும் இருக்கும்.

3. இப்போது போனில் உள்ள பைல்கள் காட்டப்படும். டிரைவில் உள்ள பைல் இங்கே தெரியவில்லையே எனக் கவலைப்பட வேண்டாம். இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தட்டினால் ஒரு பட்டியல் விரியும். அதில் 'டிரைவ்' இருக்கும். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் அப்ளிகேஷன்களை இன்ஸ்டால் செய்து லாக் இன் செய்திருந்தால் அவையும் இருக்கும்.

4. டிரைவைத் தட்டி, போல்டரைத் திறந்து, பைலைத் தேர்ந்தெடுக்கவும். கடிதத்தின் கீழே பைல் பெயரும் அதன் அளவும் காட்டப்படும்.

இந்த முறையில் பைல் முதலில் உங்கள் போனுக்கு டவுன்லோட் ஆகி, பிறகு மீண்டும் அப்லோட் ஆகும். எனவே 10 எம்.பி. பைலுக்கு 20 எம்.பி. அளவிற்கு டேட்டா செலவாகலாம். பெரிய பைல் என்றால் வைபை இணைப்பில் இருக்கும்போது அனுப்பவும்.

லிங்க் அனுப்ப வேண்டுமெனில், இரண்டாவது நிலையில் 'இன்செர்ட் ப்ரம் டிரைவ்' அல்லது 'டிரைவ்' என்பதைத் தட்டிப் பைலைத் தேர்ந்தெடுக்கவும். நகலா, லிங்க்கா என்று கேட்கப்பட்டால் லிங்க்கைத் தேர்ந்தெடுக்கவும். இதில் பைல் போனுக்கு வருவதில்லை என்பதால் டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும்.

ஐபோன், ஐபேடில் அனுப்ப

ஆப்பிள் சாதனங்களில் 2017ல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் 'பைல்ஸ்' என்ற அப்ளிகேஷன் உள்ளது. ஐகிளவுட் பைல்கள் இதில் தாமாகவே காட்டப்படும். கூகுள் டிரைவும் தெரிய வேண்டுமெனில், முதலில் அதன் அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்து லாக் இன் செய்திடவும். பின் பைல்ஸ் அப்ளிகேஷனில் 'பிரவுஸ்' பகுதிக்குச் சென்று, மூன்று புள்ளிகளைத் தட்டி, 'எடிட்' தேர்ந்தெடுத்து, டிரைவ் எதிரே உள்ள ஸ்விட்ச்சை இயக்கவும்.

இனி, வேண்டிய பைல் மீது விரலைச் சற்று நேரம் அழுத்தி வைத்தால் மெனு கிடைக்கும். அதில் 'ஷேர்' தட்டி, மெயில் அல்லது ஜிமெயிலைத் தேர்ந்தெடுக்கவும். பைல் சேர்க்கப்பட்ட புதிய கடிதம் திறக்கும். முகவரி தந்து அனுப்ப வேண்டியதுதான்.

கூகுள் டாக்ஸ் பைல் என்றால்

கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஆகியவற்றில் உருவாக்கிய பைல்களை அப்படியே நகலாக அனுப்ப முடியாது. அவை கூகுள் சர்வரில் மட்டுமே வாழ்பவை. டாக்ஸ் அப்ளிகேஷனில் பைலைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தட்டி, 'ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்' பிரிவில் 'சென்ட் எ காப்பி' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பி.டி.எப். ஆகவா, வேர்ட் பைலாகவா என்று கேட்கப்படும். விண்ணப்பக் கடிதம் போன்றவற்றிற்கு பி.டி.எப். நல்லது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்தும் பக்க அமைப்பும் மாறாது.

அனுமதி தர மறக்க வேண்டாம்

லிங்க் அனுப்பும்போது, பெறுபவருக்கு அனுமதி இல்லை எனில் ஜிமெயில் உங்களை எச்சரிக்கும். அவசரத்தில் அதைப் படிக்காமல் அனுப்பிவிட்டால், அவர் திரையில் பைலுக்குப் பதிலாக அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். அவர் கேட்கும் அனுமதி உங்களுக்கு மெயிலாக வந்து, நீங்கள் சம்மதித்த பின்னரே பைல் திறக்கும்.

பிரான்சின் நேரம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியது. பாரீசில் மாலை 5 மணிக்கு ஒருவர் அனுமதி கேட்டால், இங்கே இரவு 8.30 அல்லது 9.30 ஆகியிருக்கும். நீங்கள் மறுநாள் காலையில்தான் பார்ப்பீர்கள். கடைசி நாள் என்றால் அந்த ஓர் இரவு போதும், விண்ணப்பம் தவறிப்போக.

லிங்க் சரியாகத் திறக்கிறதா என நீங்களே சோதிக்கலாம். லிங்க்கைக் காப்பி செய்து, குரோம் பிரவுசரில் 'இன்காக்னிடோ' டேப் ஒன்றைத் திறந்து அதில் பேஸ்ட் செய்திடவும். லாக் இன் கேட்காமல் பைல் திறந்தால், அந்த லிங்க் கிடைக்கும் எவரும் அதைத் திறக்கலாம் என்று பொருள். போட்டோக்களுக்கு இது சரி. அடையாள ஆவணங்களுக்குக் கூடாது.

25 எம்.பி. கணக்கு

ஜிமெயிலில் அட்டாச்மெண்ட் அளவு அதிகபட்சம் 25 எம்.பி. ஆனால் 24 எம்.பி. பைலை அனுப்பினாலும் சில நேரம் திரும்பி வந்துவிடும். காரணம் இதுதான். மெயில் என்பது எழுத்துக்களை அனுப்பவே அமைக்கப்பட்டது. எனவே பைலின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துக்களாக மாற்றப்பட்டுச் செல்கிறது. 18 எம்.பி. பைல் வழியில் 24 எம்.பி. ஆகிவிடும். பெறுபவரின் மெயில் சர்வரில் இதைவிடக் குறைந்த வரம்பும் இருக்கலாம். அலுவலகங்களுக்கு அனுப்புகையில் 10 எம்.பி.க்குள் வைத்துக்கொள்வது நல்லது. சான்றிதழை கேமராவில் போட்டோ எடுத்து அனுப்புவதைக் காட்டிலும், டிரைவ் அப்ளிகேஷனில் உள்ள ஸ்கேன் வசதி மூலம் பி.டி.எப். ஆக்கினால், பல பக்கங்களும் ஒரே பைலில் வரிசையாக அமையும்.

ஆதார் அனுப்பும்போது

ஆதார் இணையதளத்தில் டவுன்லோட் செய்திடும் பி.டி.எப். பைலுக்கு பாஸ்வேர்ட் உண்டு. உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துக்களைப் பெரிய எழுத்தில் தந்து, தொடர்ந்து பிறந்த ஆண்டைத் தர வேண்டும். இதைச் சொல்லாமல் பைலை மட்டும் அனுப்பினால் பெறுபவரால் திறக்க முடியாது. பாஸ்வேர்டை அதே கடிதத்தில் எழுதாமல், போனில் சொல்லவும். முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதும். அதே தளத்தில் அதையும் பெறலாம்.

அனுப்பிய பின்

வேலை முடிந்ததும் லிங்க்கை மூடிவிடவும். டிரைவில் பைல் அருகே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, 'மேனேஜ் ஆக்சஸ்' சென்று, பொது அனுமதியை 'ரெஸ்ட்ரிக்டட்' என மாற்றவும். சென்ட் பகுதியில் உள்ள மெயிலை அழித்தால் லிங்க் மூடாது என்பதை நினைவில் கொள்ளவும்.

இடம் காலி செய்வதாக எண்ணி, லிங்க் தந்த பைலை டிரைவிலிருந்து அழித்துவிட வேண்டாம். அழித்த பைல் டிரைவின் டிராஷ் பெட்டியில் 30 நாட்கள் இருக்கும். அதற்குள் மீட்காவிட்டால் உங்களுக்கும் இல்லை, பெற்றவருக்கும் இல்லை. மேலும், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட தனிநபர் கணக்கை கூகுள் நீக்கக்கூடும். வீட்டுப் பெரியவர்களின் சான்றுகள் அவர்கள் பெயரில் உள்ள கணக்கில் இருந்தால், அவ்வப்போது லாக் இன் செய்து பார்க்கவும். ஒரு நகலை பென் டிரைவிலும் வைத்திருங்கள்.

முக்கியமான ஆவணத்தை அனுப்பும் முன், சிறிய பைல் ஒன்றை உங்கள் முகவரிக்கே ஒருமுறை நகலாகவும், ஒருமுறை லிங்க்காகவும் அனுப்பித் திறந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உடனே புரிந்துவிடும்.