பூனைக்கண் கல்

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் ஓர் அக்கா பூக்கட்டி விற்கிறார். அவர் மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. வைடூரியம் பதித்த மோதிரம் போடச் சொன்னார் சோதிடர். கல் போட்டால் வேலை வருமா என்பது வேறு பேச்சு. அக்கா ஆறு மாதம் பணம் சேர்த்தார். 4,000 ரூபாய் சேர்ந்தது.

ஊரிலிருந்து அவர் தம்பி வந்திருந்தார். திருச்சியில் கல் பட்டை தீட்டியவர். இருவரும் ஒரு கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் ஒரு கல்லை எடுத்து வைத்தார். தேன் நிறம். நடுவே பூனையின் கண் போல ஒரு கோடு. கல்லை அசைத்தால் கோடும் நகர்ந்தது.

“ஒரிஜினல் பூனைக்கண், அம்மா. நாலாயிரம் ரூபாய்.”

அக்கா சுருக்குப் பையை அவிழ்த்தார்.

“பொறு, அக்கா” என்று தம்பி வாசலுக்கு அழைத்து வந்தார்.

“உன் மூக்குத்தியில் என்ன கல்?”

“அமெரிக்கன் டயமண்ட்.”

“அது அமெரிக்காவும் இல்லை, டயமண்டும் இல்லை. வைரம் என்பது கரி. இது சிர்க்கோனியா என்ற வேறு பொருள். வைரம் போல மின்னும். அதனால் இது போலி.”

“செயற்கை என்று சொல்லு.”

“அங்கேதான் குழப்பம், அக்கா. செயற்கை வேறு, போலி வேறு. நாம் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம்.”

மண்ணுக்குள் விளைவது இயற்கைக் கல். அதே பொருளை மனிதர் ஆலையில் விளைவித்தால் செயற்கைக் கல். பிரான்ஸ் நாட்டு வெர்னேய் என்பவர் 1902-இல் மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்சைடு தூளைச் சுடரில் உருக்கிச் செய்தார். சில மணி நேரத்தில் கல் வளர்ந்துவிடும். அதுவும் மாணிக்கமே, கடினமும் அதே. உரசிப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. விலை மட்டும் மிகக் குறைவு. சிவப்புக் கண்ணாடியோ மாணிக்கமே அல்ல. அது போலி.

“இந்தக் கல் கண்ணாடியா?”

“கண்ணாடி இழையிலும் பூனைக்கண் செய்கிறார்கள். பக்கவாட்டில் லென்ஸ் வைத்தால் தேன்கூடு போலத் தெரியும். இதில் அது இல்லை. ஆனாலும் ஒரு சந்தேகம்.”

வைடூரியம் என்பது கிரிசோபெரில் என்ற கல். இந்தத் திருவனந்தபுரம் மாவட்டத்து மண்ணிலேயே அது கிடைக்கிறது. குவார்ட்ஸ் என்ற கல்லிலும் பூனைக்கண் உண்டு. அதுவும் மண்ணில் விளைந்ததே. ஆனால் வேறு கல், மலிவான கல். பூனைக்கண் என்ற சொல் கண்ணாடிக்கும் பொருந்தும், குவார்ட்ஸுக்கும் பொருந்தும், வைடூரியத்துக்கும் பொருந்தும்.

அக்கா திரும்பக் கடைக்குள் போனார்.

“பில்லில் கல்லின் பெயரை எழுதுங்கள். இயற்கையா, செயற்கையா, எத்தனை காரட் என்றும் எழுதுங்கள்.”

கடைக்காரர் எழுதினார். அக்கா பில்லை வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். “பூ-னைக்-கண். இ-யற்-கை. நா-லு கா-ரட்.”

“இயற்கை சரி. கிரிசோபெரில் என்று எழுதவில்லையே?”

கடைக்காரர் பேனாவை மூடினார். “இதற்கு அப்படி எழுத முடியாது, அம்மா. இது குவார்ட்ஸ். வேண்டுமானால் விலையைக் குறைத்துத் தருகிறேன்.”

அக்கா சுருக்குப் பையை இழுத்து முடிந்தார்.

பயிற்சி: உங்கள் வீட்டு நகையின் பில்லை எடுத்துப் படியுங்கள். கல்லின் பெயர் எழுதியிருக்கிறதா?