பண்ணையே பாடசாலை

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போகும் நம் தோழியருக்குச் சைதாப்பேட்டை என்றால் நெரிசலான கடைவீதிதான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு காலத்தில் அரசாங்கப் பண்ணை இருந்தது, மாணவர்கள் உழவுத் தொழில் படித்தார்கள் என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்? நானும் முதலில் நம்பவில்லை. கோவையில் இன்று புகழுடன் விளங்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1868-ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியிலிருந்தே தன் வரலாற்றைக் கூறுகிறது. 1906-இல்தான் அது கோவைக்குப் போயிற்று.

அப்பண்ணைக்கு வித்திட்டவர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன். நீராவிக் கலப்பை, விதைக்கும் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. நம் உழவர்களுக்கு நல்ல விவசாயம் காட்டவேண்டும் என்பது எண்ணம். எண்ணம் நல்லதே. ஆனால் ஏரிப் பாசனமும் மாட்டு ஏருமாக வாழ்ந்த குடியானவர் நீராவிக் கலப்பைக்கு எங்கே போவார்? 1889-இல் இந்தியாவுக்கு வந்து பல மாகாணங்களைச் சுற்றிப் பார்த்த வேளாண் வேதியியலறிஞர் வோல்க்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், இந்திய உழவர் ஆங்கிலேய உழவருக்குக் குறைந்தவரல்லர், சிலவற்றில் மேலானவர் என்றே எழுதினார்.

இக்காலத்தில் வேளாண் கல்லூரி மாணவ மாணவியர் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி, உழவர்களோடு வயலில் இறங்கி வேலை பழகுகிறார்கள். உழவர்களுக்கும் இளைஞர்களுக்கும் செய்முறைப் பயிற்சி தர வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. இந்தியாவிலேயே முதலாவது நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. நமக்கு அருகிலேயே ஒன்று உண்டு. செங்கல்பட்டு ரயிலில் பொத்தேரியில் இறங்கினால் காட்டுப்பாக்கம். அங்குள்ள நிலையத்தைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. “செய்து கற்றல்” என்பதே இந்நிலையங்களின் கொள்கை.

(திருச்சபையில் உழவர்களின் பாதுகாவலர் புனித இசிதோர். மாட்ரிட் நகருக்கு அருகே பிறர் நிலத்தில் ஏர் ஓட்டிய கூலியாள் அவர். நம் புனித சவேரியாருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட அதே நாளில், 1622 மார்ச் 12 அன்று, இவருக்கும் அளிக்கப்பட்டது.)

செய்து கற்றல் என்பதன் பொருள் எனக்கு விளங்கியது ஒரு முட்டையால்தான். விதை நெல்லில் பதரையும் நோஞ்சானையும் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்தால் தண்ணீரின் அடர்த்தி கூடும். முட்டை மேலே வந்து, அதன் தலை பழைய நாலணாக் காசு அளவு வெளியே தெரிந்தால் போதும். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டவேண்டும். மூழ்குவது விதை, மிதப்பது ஆகாது. நாம் படிக்கும் ஆர்க்கிமிடீஸ் தத்துவமேதான்.

பாட்டி மதுராந்தகத்திலிருந்து வந்தபோது ஒரு படி நெல் கொண்டுவந்திருந்தார். படித்ததைச் செய்து பார்க்க எனக்கு ஆசை. கடையில் முட்டை வாங்கி வந்தேன். இரண்டு கைப்பிடி உப்புக்கே முட்டை மிதந்துவிட்டது. நெல்லைக் கொட்டினேன். ஏறக்குறைய எல்லாம் மூழ்கின. “பாட்டி, உங்கள் நெல்லில் பதரே இல்லை!” என்று பெருமையாகக் கூவினேன். பாட்டி வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏண்டி, முட்டையை முதல்ல பச்சைத் தண்ணியில போட்டுப் பாத்தியா?” என்று கேட்டார்.

பார்க்கவில்லை. நாள்பட்ட முட்டைக்குள் காற்று அதிகம் சேர்ந்துவிடும். அது உப்பு போதாத தண்ணீரிலும் மிதக்கும். அதை நம்பிக் கொட்டினால் நோஞ்சான் நெல்லும் நல்ல நெல்லோடு சேர்ந்து மூழ்கும். நான் படித்த இடத்தில் “முட்டை” என்றுதான் இருந்தது. அன்றிட்ட முட்டை என்று இல்லை. பள்ளிக்கூடமே போகாத என் பாட்டிக்கு அது தெரிந்திருந்தது. எத்தனை வயது முதல் அவர் வயலில் இறங்கினார் என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒன்பது வயது முதல் என்றார்.

மறுநாள் கோழி வளர்க்கும் வீட்டிலிருந்து புது முட்டை வாங்கி வந்தோம். இம்முறை முட்டை எழும்புவதற்குள் அம்மாவின் உப்பு ஜாடி காலியாயிற்று. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். நெல்லைக் கொட்டியதும் இரண்டு கை அளவு மேலே வந்தது. மூழ்கிய நெல்லை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசச் சொன்னார் பாட்டி. உப்பு ஒட்டியிருந்தால் முளை வராதாம். பிறகு ஓர் இரவும் பகலும் ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டினோம். மிதந்ததைக் கோழிக்குப் போடலாம் என்றார். எங்கள் மாடி வீட்டில் கோழி ஏது? கழுவிப் புறாக்களுக்கு இறைத்தேன். அவையும் கிளறிப் பார்த்துவிட்டுப் பாதியை வைத்துவிட்டுப் போயின.