பருத்த குண்டும் தூக்கி எறியப்படாத கடமானும்

எடை மிகுந்த குண்டால் சுட்டால் எவ்வளவு பெரிய விலங்கும் நின்ற இடத்திலிருந்து தூக்கி எறியப்படும் என்னும் நம்பிக்கை, வேட்டையே தடை செய்யப்பட்ட தமிழ்நாட்டிலும், எல்க் எனப்படும் பெரிய மானை உரிமம் பெற்று ஆண்டுதோறும் வேட்டையாடும் அமெரிக்க, கனடிய மலைப்பகுதிகளிலும் ஒரே உறுதியோடு பேசப்படுகிறது. கொள்ளிடக் கரை வயல்களில் காட்டுப்பன்றி இறங்கியது என்ற செய்தி கும்பகோணத்துக் கடைத்தெருவுக்கு வந்தால்கூட, பேச்சு இரண்டே வாக்கியங்களில் பயிரை விட்டுவிட்டுக் குண்டின் பருமனுக்குத் தாவிவிடுகிறது. எத்தனை முறை மறுத்தாலும் திரும்பி வரும் இந்தக் கதையை ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய கேப்பு, உள்ளே நிரப்பிய மருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. சுடும்போது இலக்கை நோக்கிச் செல்வது குண்டு மட்டுமே. வெடித்த பின் எஞ்சும் கூட்டை மீண்டும் செம்மைப்படுத்தி, வேட்டைக்காரர் தாமே தேர்ந்த குண்டையும் அளந்த மருந்தையும் இட்டுப் புதுத் தோட்டா செய்துகொள்வதுதான் மேல்நாடுகளில் பரவலாக உள்ள கைத்தோட்டா முறை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் உறுப்புகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும்கூடத் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருப்பதாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதாலும், இங்கே பேசப்படுவது செய்முறை அன்று, குண்டைப் பற்றிய அறிவு மட்டுமே.

எல்க் வேட்டையில் மிகப் பரவலாகப் பயன்படும் குண்டுகளில் ஒன்று .30 அங்குல விட்டமும் 180 கிரெய்ன் எடையும் உடையது. கிரெய்ன் என்பது 0.0648 கிராம், பொற்கொல்லரின் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்னுக்குச் சமம் என்பதால், அந்தக் குண்டின் எடை 12 கிராமைக்கூட எட்டுவதில்லை. அது நொடிக்கு சுமார் 820 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது என்று கொண்டால், நிறையையும் வேகத்தையும் பெருக்கிவரும் உந்தம் 9.6 கிலோகிராம்-மீட்டர்/நொடி. இந்த உந்தம் முழுவதையும் 300 கிலோ எடையுள்ள எல்க் ஒன்று தன் உடலில் வாங்கிக்கொண்டாலும் அதனால் விளையக்கூடிய நகர்வு நொடிக்கு 3 சென்டிமீட்டர் அளவே. தூக்கி எறிவது இருக்கட்டும், அந்த விலங்கு மூச்சு வாங்கும்போது அசையும் அசைவே இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

துப்பாக்கியின் பின்னுதைப்பு, உந்தம் அழியாமைக்குப் பள்ளிப் பாடநூல்கள் காலங்காலமாகக் கொடுத்துவரும் எடுத்துக்காட்டு. குண்டு முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ அதே அளவு துப்பாக்கி பின்னால் தள்ளும். மருந்து எரிந்து வெளியேறும் வாயுவின் உந்தமும் சேர்வதால், சுடுபவரின் தோள் வாங்கும் அடி இலக்கு வாங்கும் அடியைவிடச் சற்று அதிகம் என்பதே உண்மை. ஆகவே விலங்கைப் பறக்கச் செய்யும் குண்டு ஒன்று இருந்தால், சுட்டவர் அதற்கு முன்பே எதிர்த்திசையில் பறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்களே, சுடப்பட்ட அடியாள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பின்னால் பறக்கும் திரைப்படக் காட்சியைச் சான்றாகக் காட்டுவதை என்னவென்று சொல்வது? அந்த அடியாளைப் பின்னால் இழுப்பது இடுப்பில் கட்டிய கயிறு.

பருமனுக்குச் சான்றாக அடிக்கடி இழுத்து வரப்படும் பெயர் சாமுவேல் பேக்கர். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி எட்டு ஆண்டுகள் தங்கிய இந்த ஆங்கிலேயர், பின்னர் நைல் பயணத்தில் அரைப் பவுண்டு எடையுள்ள வெடிகுண்டைச் சுடும் ஒரு துப்பாக்கியைக் கொண்டு சென்றார். 'பேபி' என்று அவர் செல்லப்பெயர் இட்ட அதை அங்கிருந்த அரபியர் பீரங்கியின் பிள்ளை என்று அழைத்தனர். அதன் உதைப்பு தம்மைக் காற்றாடிபோலச் சுழற்றியதாகவும், அதைச் சுடவே தாம் அஞ்சியதாகவும் எழுதியவர் பேக்கரே. ஆள்தான் சுழன்றாரே தவிர, யானை சுழன்றதாக அவர் எங்கும் எழுதவில்லை. வேடிக்கை இன்னொன்றும் உண்டு. ஆங்கிலேயர் இலங்கையில் எல்க் என்று குறிப்பிட்டது, இலங்கைத் தமிழர் மரை என்றும் தமிழ்நாட்டார் கடமான் என்றும் சொல்லும் விலங்கையே. அதை பேக்கர் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் பெரும்பாலும் வேட்டைநாய்களால் மடக்கிக் கத்தியால் குத்தியே கொன்றார். எல்க் வேட்டையில் பருத்த குண்டின் பெருமைக்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவரது 1854ஆம் ஆண்டு நூலைப் புரட்டியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சுடப்பட்ட மான் சில வேளைகளில் அப்படியே சரிவதை நேரில் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் அது தள்ளப்பட்டு விழுவதில்லை. மூளையோ முதுகெலும்பினுள் ஓடும் நரம்புத்தண்டோ தாக்கப்பட்டதும் கால்களைத் தாங்கிய தசைகள் ஒரே நேரத்தில் கட்டளை இழந்து தளர்வதால் விழுகிறது. இதயமோ நுரையீரலோ துளைக்கப்பட்ட மான், மூளையில் எஞ்சியிருக்கும் உயிர்வளி தீரும்வரை பத்து நொடிகளுக்கு மேலும் ஓடக்கூடும். அந்தச் சில நொடிகளில் அது கடக்கும் தூரத்தைக் கண்டு குண்டு சிறியது என்று முடிவுகட்டுவது பிழை. குண்டின் வேலை தள்ளுவது அன்று, உயிர்நிலையை எட்டும்வரை துளைப்பதும் எட்டிய இடத்தில் திசுவைப் போதுமான அளவு கிழிப்பதுமே.

துளைக்கும் திறனைக் கணிக்க உதவும் முதல் அளவு குறுக்குவெட்டு அடர்த்தி, அதாவது குண்டின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண். தமிழ்நாட்டின் காடுகளில் வேட்டையாடிப் புகழ்பெற்ற கென்னத் ஆண்டர்சன் விரும்பி ஏந்திய .405 வின்செஸ்டரின் 300 கிரெய்ன் குண்டுக்குப் பவுண்டு, அங்குலக் கணக்கில் இந்த எண் ஏறக்குறைய 0.25, ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற டபிள்யூ. டி. எம். பெல் பெரும்பாலும் பயன்படுத்திய 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள 173 கிரெய்ன் குண்டுக்கோ 0.31. எடையில் பாதியைச் சற்றே தாண்டிய ஒல்லிக் குண்டு ஆழத்தில் முந்துகிறது. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைக் கற்றவர் என்பதையும், அவர் குண்டு முழுவதும் உலோக உறையிட்டு விரியாதபடி செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சிறு குண்டே போதும் என்ற எதிர்ப்பக்க மூடநம்பிக்கைக்கு அவர் பெயர் முட்டுக்கொடுக்கத் தொடங்கிவிடும்.

எல்க்குக்கு உரிய குண்டைத் தேர்வதில் எடையைவிட முக்கியமானது அதன் கட்டமைப்பு. மென்மையான காரீயக் கருவும் மெல்லிய செம்புக்கலவை உறையும் கொண்ட சாதாரண வேட்டைக்குண்டு, உடலுள் புகுந்ததும் முனை மலர்ந்து காயத்தை அகலமாக்குகிறது. அதுவே கிட்ட நின்று சுடும்போது மிகுந்த வேகத்தில் தோள் எலும்பில் மோதினால், மலர்வதோடு நில்லாமல் சிதறி, நெஞ்சை எட்டாமலே நின்றுபோகலாம். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு காய்ந்து அப்பிய மூஸ் மான்மீது தம் குண்டுகள் இப்படித் தோற்றதைக் கண்ட ஜான் நாஸ்லர், முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே உறை உலோகத்தாலேயே ஒரு தடுப்புச் சுவர் அமைத்து, முன்பாதி மலர்ந்து சிதைந்தாலும் பின்பாதி எடையோடு துளைத்துச் செல்லும் குண்டை உருவாக்கி 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னால் கருவையும் உறையையும் ஒட்டவைத்த குண்டுகளும், முழுக்கச் செம்பாலான குண்டுகளும் அதே சிக்கலுக்கு விடை தேடியே வந்தன. எனவே, .30 விட்டத்தில் 165 முதல் 200 கிரெய்ன் வரையும் 7 மில்லிமீட்டரில் 160 முதல் 175 வரையும் எல்க்குக்குப் பொதுவாக ஏற்கப்படும் எடைகளில், எது கூடுதல் என்று பார்ப்பதைவிட, எந்தத் தூரத்தில், எந்த வேகத்தில் அந்தக் குண்டு மலரும், எந்த வேகத்துக்குக் கீழே மலராமல் ஊசிபோல ஊடுருவிப் போய்விடும் என்று பார்ப்பதே பொருளுள்ள தேர்வு.

மற்ற நம்பிக்கைகளை அதிகம் பொருட்படுத்த வேண்டியதில்லை. குழலை விட்டதும் குண்டு முதலில் மேலெழும் என்பது தவறு. குழலின் நேர்க்கோட்டிலிருந்து அது முதல் கணத்திலேயே விழத் தொடங்குகிறது, குழல்தான் சற்று மேல்நோக்கிப் பிடிக்கப்படுகிறது. கல்கத்தா அருகே டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் செய்யப்பட்ட குண்டு வெடிக்கும் என்பதும் தவறு. அது முனை உறை நீக்கப்பட்டு மலரும் குண்டு, அவ்வளவே. 1899ஆம் ஆண்டு ஹேக் அறிவிப்பு அத்தகைய குண்டுகளைப் போரில்தான் விலக்கியது. மானுக்கு வீண் துன்பம் கூடாது என்று மலரும் குண்டையே கட்டாயமாக்குகிறது பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம். கைத்தோட்டா கடைத்தோட்டாவைவிட வலிமை மிக்கது என்பது ஆபத்தான பிதற்றல், ஏனெனில் கைத்தோட்டாவின் பயன் ஒரே சீரான தயாரிப்பிலும் குண்டைத் தேர்ந்துகொள்ளும் உரிமையிலும் இருக்கிறது. அளவு மீறிய மருந்து துப்பாக்கியின் பூட்டை உடைத்துச் சுடுபவரின் முகத்தில் எறியும்.

பித்தளைக் கூட்டுக்கு அழிவே இல்லை என்னும் நம்பிக்கையைக் கும்பகோணத்துப் பாத்திரத் தொழிலாளர் எவரும் நம்பமாட்டார். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அந்த உலோகம், தட்டத் தட்ட இறுகி, காய்ச்சி ஆற்றாவிட்டால் விளிம்பில் விரிசல் விடும் என்பது பட்டறையில் பிள்ளைகளும் அறிந்தது. ஒவ்வொரு முறை வெடித்து மீண்டும் அச்சில் அழுத்தப்படும் தோட்டாக் கூட்டின் கழுத்துக்கும் அதே கதிதான். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள் யாரும் தொடாமலே வெடிப்புக் கண்டதற்குக் காரணம், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் உலோகத்துள் எஞ்சிய இழுவிசையும் சேர்ந்து செய்த வேலையே என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினர். மாட்டுத்தொழுவத்துப் பரணில் பித்தளை அண்டாவைப் போட்டுவைப்பவர்களுக்கும் இந்த விளக்கம் பொருந்தும்.

இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரியது காரீயம். மலரும்போது சிதறும் காரீயத் துகள்கள் இறைச்சிக்குள்ளும், காட்டில் விடப்பட்ட குடலுக்குள்ளும் பரவி, அதைத் தின்னும் பிணந்தின்னிப் பறவைகளைக் கொல்வதால், காண்டர் கழுகுகளைக் காக்கும் நோக்கில் கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் காரீயக் குண்டை முற்றாக விலக்கியது. டென்மார்க் 2024இல் ரைபிள் குண்டுகளுக்கும் தடையை விரித்தது. செம்பின் அடர்த்தி 8.96, காரீயத்தின் அடர்த்தி 11.34 என்பதால் அதே எடைச் செம்புக் குண்டு நீளமாகும், நீண்ட குண்டை நிலைப்படுத்தக் குழலின் முறுக்குப் பள்ளம் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆதலால் செம்புக்கு மாறுபவர் ஒரு படி குறைந்த எடையைத் தேர்வது முறை, அதில் துளைப்பு குறைவதும் இல்லை.

மலைமான் இறைச்சியில் காரீயம் கலக்கிறது என்று அங்கே சட்டம் போடுகிறார்கள். இங்கே ரசத்தில் கலந்தால் கேட்க ஆளில்லை. கும்பகோணத்து ஈயச்சொம்பு தூய வெள்ளீயத்தால் வார்க்கப்பட வேண்டியது, ஆனால் விலை மிகுந்த வெள்ளீயத்தோடு மலிவான காரீயத்தைக் கலப்பது எளிது, புளிநீர் அந்தக் காரீயத்தைக் கரைத்து எடுத்துக்கொள்வதும் எளிது. அரைக் கிலோ தூய வெள்ளீயச் சொம்பு நீரில் மூழ்கும்போது சுமார் 68 மில்லிலிட்டர் நீரை இடம்பெயர்க்கும். ஐந்தில் ஒரு பங்கு காரீயம் கலந்தால் அது 64ஆகக் குறையும். அதற்கும் குறைந்த கலப்படத்தைக் கண்டுபிடிக்க இந்த வழி போதாது என்பதால், நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றைச் சோதிக்கும் ஊடுகதிர்க் கருவியின் வகையில் ஒன்றைப் பாத்திரக் கடைத்தெருவிலும் நிறுவி, சோதித்த முடிவைச் சொம்பின் அடியிலேயே பொறித்து விற்பதை மாநகராட்சி கட்டாயமாக்க வேண்டும்.