ஒரே சர்வர், வீடு முழுக்க நேரலை டிவி

இணையத்தில் வரும் நேரலைச் சேனல்களை வீட்டுக் கணினி ஒன்றில் சேர்த்து, டிவியிலும் போனிலும் ஒரே பட்டியலாகப் பார்க்கலாம். கொருக்குப்பேட்டை வீடுகளுக்கு ஏற்ற சில குறிப்புகள்:

• சர்வருக்குப் பழைய லேப்டாப்பே போதும். பேட்டரி நன்றாக இருந்தால், கரன்ட் போனதும் அணைந்துவிடாது. ரவுட்டருக்கு மட்டும் தனியாக ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள்.

• ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள், எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து 2018-இல் பிரிந்து வந்தது. அதன் ‘லைவ் டிவி’ பகுதியில் எம்3யு சேனல் பட்டியலைச் சேருங்கள். நிகழ்ச்சி நேரங்கள் தெரிய எக்ஸ்எம்எல்டிவி கோப்பும் வேண்டும்.

• சர்வரையும் ரவுட்டரையும் லேன் கேபிளால் இணையுங்கள், படம் திக்காது.

• 5 எம்பிபிஎஸ் வேகத்தில் வரும் சேனல், மணிக்கு சுமார் 2.25 ஜிபி டேட்டா இழுக்கும். பதிவு செய்தால் டிஸ்க்கிலும் அவ்வளவு இடம் போகும்.

• வரும் வடிவத்தை டிவி ஏற்காவிட்டால் சர்வரே மாற்றித் தரும். அப்போது லேப்டாப் சூடாகும். காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத் தெருக்களில், மழைக்காலத்தில் தரையில் வைக்கவே வேண்டாம்.

• ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

• ‘எல்லாச் சேனலும் இலவசம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களை நம்பாதீர்கள். திருட்டு ஒளிபரப்பு, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். சேனல் நிறுவனமே இலவசமாக வெளியிட்ட முகவரியை மட்டும் சேருங்கள்.